அனுமானி இருக்கும் வீடு

கிணிங்... கிணிங்... கிணிங்...

உள்ளறையில் மணி அடித்தது. கூடத்தில் இருந்த இரண்டு பேர் அப்படியே உறைந்துபோனார்கள். தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில் துணி பாதி மடிப்பில் நின்றது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா, சொல்ல வந்த வாக்கியத்தை மாத்திரை மாதிரி விழுங்கினார். சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுவேன் என்ற பாவனையில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் விவரம் தெரியாமல் கேட்டாள்:

"அடுப்புல ஏதாவது வெச்சிருக்கீங்களா அண்ணி?"

"அடுப்புல ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அம்மா பெருமூச்சோடு. "உள்ள ஒண்ணு வெந்துட்டிருக்கு. இப்ப வெளிய வரும்."

என்ன வெளியே வரப்போகிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மனசு கேட்காது.

அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. ஊரில் உள்ளவர்களின் கல்யாண அழைப்பிதழ்களெல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா பெயர்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர், தம்முடைய மூத்த மகளின் கல்யாண அழைப்பிதழில், ஐயோ, கூடப் பிறந்த ஒரே தங்கையின் பெயரை விட்டுவிட்டார்! தங்கை கல்யாணத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெண்ணை வாழ்த்தினாள். போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணனும் போய்க் கூப்பிடவில்லை. மூத்த மகள் புருஷனோடு வேறு ஊருக்குப் போய், ஒரு குழந்தையும் பெற்றுவிட்டாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த அந்த மௌனம் மட்டும் அப்படியே இருந்தது.

இன்றைக்குத்தான் அத்தை வந்திருக்கிறாள். தானாக. அழைப்பு மணியை அழுத்தலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று வாசலில் நின்று தவித்துவிட்டு வந்திருக்கிறாள். அப்பா இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, தூசி தட்டி, வாய்வரை கொண்டுவந்துவிட்டார். "அந்தப் பத்திரிகையில..." என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் மணி அடித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனித குலத்தில் ‘அனுமானி’ என்று ஒரு இனம் உண்டு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற ஜீவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. சட்டம் படிக்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், தடித் தடிப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்து பேச்சு மூச்சில்லாமல் போய்விடுகிறார்கள். இவர்கள் அதற்கு முந்தின பருவம். இன்னும் கல்லூரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஒரு சட்டம்கூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தர்க்கம் ஒன்றுதான். கையில் கத்தி மட்டும் இருக்கிறது, அறுவை சிகிச்சை இன்னும் சொல்லித்தரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் வீடு.

ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. நம் கதையில் வருவது பெண்; அந்த வீட்டின் இளைய மகள். அக்கம்பக்கத்தில் ‘வக்கீலம்மா’ என்று பட்டப்பெயர். போன வருஷம் தேர்வு எழுதி, கைக்கு எட்டிய இடத்தைத் தவறவிட்டாள். இந்த வருஷம் விடப்போவதில்லை என்று சபதம். சமையலறையில் முட்டை வேகவைப்பதற்காக வாங்கிய மணிக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்துக்கொண்டாள். ஒரு கேள்வித்தாள், ஒரு மணி, ஒரு இடைவேளை. மறுபடியும் ஒரு கேள்வித்தாள். மணி அடித்தால் அவளுக்கு ஓய்வு. வீட்டில் மற்றவர்களுக்கு அப்போதுதான் சோதனை ஆரம்பம். ஏனென்றால் இடைவேளையில் அவளுக்குக் கேள்வித்தாள் கிடையாது, மனிதர்கள்தான் கிடைப்பார்கள்.

உதாரணம் வேண்டுமா?

"மழை வர்ற மாதிரி இருக்குடி. மாடியில துணி காயுது, எடுத்துட்டு வா."

"அம்மா, மழை வந்தா துணி நனையும், அது சரி. ஆனா துணி நனையலைன்னா..."

"நீ போகலைன்னா நனையும்!"

"அது வேற நிபந்தனைம்மா. நீ ரெண்டையும் குழப்பற."

இந்த விவாதம் முடிவதற்குள் மழை வந்தது, துணி நனைந்தது, இரண்டு தரப்பு வாதமும் கொடியில் தொங்கிச் சொட்டியது.

மாடி வீட்டு ஆன்ட்டி ஒருநாள், பாவம், நல்ல எண்ணத்தோடு அப்பாவின் முட்டிவலிக்கு ஒரு டாக்டரைச் சிபாரிசு செய்யப்போனாள். "கைராசிக்காரர். அவர்கிட்ட போனவங்கள்ல செத்துப்போனேன்னு யாரும் சொன்னதில்ல."

"செத்துப்போனவங்க எப்படி ஆன்ட்டி வந்து சொல்லுவாங்க?"

ஆன்ட்டி அன்றிலிருந்து இந்த வீட்டு வழியாக மாடிக்குப் போவதில்லை. பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டில், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.

இதாவது போகட்டும். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். நிச்சயமான மாப்பிள்ளை இரண்டு நாளாகப் போன் செய்யவில்லை. கோபம் போலிருக்கிறது என்று விம்மினாள். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? தோளில் கை போட்டு, தண்ணீர் கொடுத்து, கூட ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டிருப்போம். அனுமானி என்ன செய்தாள்? பென்சிலை எடுத்தாள்.

"போன் பண்ணலைன்னா கோபம்தான்னு எப்படி முடிவு பண்ற? வேற காரணமே இல்லையா? போன் கெட்டுப்போயிருக்கலாம். வெளியூர் போயிருக்கலாம். வேற பொண்ணைப் பிடிச்சுப்போயிருக்கலாம். ஏன், ஆளே உயிரோட இல்லாம இருக்கலாம். கோபம்கிறது அஞ்சுல ஒண்ணுதான்."

அவள் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள். அதுதான் சோகம்! சிநேகிதியின் அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது.

இப்படியெல்லாம் ஆவதற்கு ஒரு மூலகாரணம் உண்டு. பயிற்சி வகுப்பு மாஸ்டர். கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை, எந்த உணர்ச்சியும் ஒட்டாத முகம். முதல் நாள் வகுப்பிலேயே அவர் பலகையில் எழுதிப்போட்டது ஒரே வரி: ‘பத்தியை விட்டு வெளியே போகாதே.’ அதாவது, தேர்வில் ஒரு பத்தி கொடுப்பார்கள். அதற்குக் கீழே ஒரு கேள்வி. பத்தியில் உள்ளதை மட்டும் வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும். ‘பூனைகள் எல்லாம் பறக்கும். இது ஒரு பூனை’ என்று எழுதியிருந்தால், இதுவும் பறக்கும். சிரிக்கக் கூடாது. நேற்று நம் வீட்டுக்குள் பாலுக்கு வந்த பூனை நடந்துதான் வந்தது என்று சொல்லக் கூடாது. வெளி உலகத்தில் உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் தேர்வு மண்டபத்து வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட வேண்டும்.

தேர்வுக்கு நல்ல விதிதான். நம்முடைய வக்கீலம்மா வாசலில் கழற்றிவைத்ததை, செருப்பு மாதிரி, திரும்ப மாட்டிக்கொள்ள மறந்துவிட்டாள். அவ்வளவுதான் கோளாறு.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். விரலில் பென்சில் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருக்கிறது அந்தப் பெண்ணுக்கு. பேருந்தில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டே வட்ட மேஜைக் கணக்குப் போடுவாள். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டருக்குப் பக்கத்தில் தச்சர் உட்கார மாட்டார், பாடகிக்கு எதிரில் விமானி இருக்கிறார் என்றெல்லாம் வரும், அந்தக் கணக்கு. அக்கா கல்யாணத்துக்குப் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷம் வந்தாலும் பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதை அவளிடமே விட்டுவிட்டார்கள். அப்பாவும் அத்தையும் அடுத்தடுத்து உட்கார மாட்டார்கள் என்பது நிபந்தனை. நொடியில் போட்டுக் கொடுத்துவிடுவாள். அவர்கள் ஏன் அடுத்தடுத்து உட்கார மாட்டார்கள் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை. கேள்வித்தாளில் அது கேட்கப்படுவதில்லை அல்லவா?

சரி, கூடத்துக்குத் திரும்புவோம். கதவு திறக்கிறது.

கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அனுமானி வெளியே வந்தாள். சோபாவைப் பார்த்தாள். ஒரு கணம் நம்ப முடியாமல் நின்றாள்.

"அத்தை!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அத்தையின் கைப்பை கீழே விழுந்தது. அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எத்தனையோ பேரைத் தொட்டுத் தூக்கிய அந்தக் கைகள் மருமகளின் முதுகைத் தடவின. அம்மா மிஷின்மேல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"எப்படி அத்தை திடீர்னு?"

"இங்க தபால் ஆபீஸ்ல ஒரு சின்ன வேலை கண்ணு. பக்கம்தானே, அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பொய்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட பொய்! இரண்டு பஸ் மாறி, நல்ல புடவையாகத் தேடிக் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, ‘அண்ணனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்ன பொய். அந்தப் பொய்யை அம்மாவும் அப்பாவும் எவ்வளவு மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? "ஆமா, இந்தத் தபால் ஆபீஸ்ல இப்ப கூட்டம்தான்," என்றுகூட அப்பா சொல்லிவைத்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே அத்தை?" என்றாள் அனுமானி.

அம்மா கத்தரிக்கோலை வேண்டுமென்றே சத்தமாகக் கீழே வைத்தாள். பயனில்லை.

"ஞாயித்துக்கிழமைன்னா தபால் ஆபீஸ் லீவு. லீவுன்னா அங்க வேலை இருக்க முடியாது. அதனால நீங்க வந்த காரணம் தபால் ஆபீஸ் இல்ல." அவள் குரலில் துளி விஷமம் கிடையாது. கணக்கு சரியாக வந்த சந்தோஷம் மட்டும்தான். "அப்ப எதுக்கு அத்தை வந்தீங்க?"

அத்தையின் கை கீழே கிடந்த கைப்பையைத் தேடியது. கன்னம் சிவந்துவிட்டது. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தாள். அதுவும் ஞாயிறு என்றே காட்டியது.

இனிமேலும் தாமதித்தால் தங்கை எழுந்துவிடுவாள் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. விழுங்கிய வாக்கியத்தைத் திரும்ப மேலே கொண்டுவந்தார்.

"அதை விடும்மா. நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பத்திரிகை... உன் பேர்... வேணும்னு செஞ்சதில்லம்மா. கைதவறிப் போச்சு."

இத்தனை வருஷமாகச் சொல்லப்படாத வார்த்தை! கூடத்துச் சுவர்களே அதைக் கேட்கக் காத்திருந்தன போலிருந்தது. அத்தை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்ணா. நீ வேணும்னு செய்வியா?"

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள் அனுமானி.

இந்த இனத்தின் வாயிலிருந்து வரும் வார்த்தைகளிலேயே அபாயமானது இந்த ‘ஒரு நிமிஷம்’தான். இதற்குப் பிறகு எதுவும் பழையபடி இருக்காது.

"கல்யாணப் பத்திரிகை எதுவா இருந்தாலும் நீங்க மூணு தடவை புரூஃப் பார்ப்பீங்க. சரியா?"

"பார்ப்பேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு பேரைக்கூட விட்டதில்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருக்கேன்." குரல் இறங்கிவிட்டது.

"அக்காவோடதும் கல்யாணப் பத்திரிகைதானே?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அதையும் மூணு தடவை பார்த்திருப்பீங்க. மூணு தடவை பார்த்தவருக்கு அத்தை பேர் இல்லாதது தெரியாம இருக்காது. தெரிஞ்சும் சேர்க்கலைன்னா அது கைதவறினது இல்ல."

சொல்லிவிட்டு, விடைத்தாளில் சரியான கட்டத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்ட முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அத்தை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்தாள். "நான் கிளம்பறேன் அண்ணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு." அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை.

"உக்காரும்மா நீ," என்றாள் அம்மா.

இத்தனை நேரமும் மிஷினுக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். தோளில் அளவு நாடா தொங்கியது. மகளைப் பார்த்துத்தான் பேசினாள். வார்த்தை போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

"அதை உங்கப்பா மூணு தடவை பார்க்கலடி. ஒரு தடவைகூடப் பார்க்கல."

"எப்படிம்மா பார்க்காம..."

"அன்னிக்கு நான் அச்சகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அச்சடிக்கப்போற தாள் அவர் கையில இருக்கு. உங்க அக்கா பேரைப் பெரிய எழுத்துல பார்த்ததுதான் தாமதம், மனுஷனுக்குக் கண்ணு ரெண்டும் நிறைஞ்சிடுச்சு. வேலையாளுங்க பார்த்துடப் போறாங்கன்னு மிஷினுக்குப் பின்னால போய் நின்னுட்டாரு. கண்ணாடியைத் துடைக்கறதும் மாட்டறதும், துடைக்கறதும் மாட்டறதும். அங்க இருந்தே ‘எல்லாம் சரியா இருக்கு, ஓட்டுங்கப்பா’ன்னுட்டாரு. எதைப் படிச்சாரு, சரின்னு சொல்ல?"

"நீ எதுக்கு இதையெல்லாம் இப்ப..." என்று அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

அத்தை நின்றபடி அண்ணனைப் பார்த்தாள். தோளிலிருந்து கைப்பை நழுவி முழங்கைக்கு வந்தது.

"ஏண்ணா, இதை ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?"

"எதைச் சொல்றது? மிஷினுக்குப் பின்னால நின்னு அழுதேன்னா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்குப் பின்னாலேயே மற்றதும் வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "நானும்தான் கடைசி வரிசையில உக்காந்து அழுதேன். பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறாளேன்னு அழறேன்னு நினைச்சு ஒரு அம்மா எனக்கு விசிறிவிட்டாங்க. நானும் சரி, விசிறட்டும்னு இருந்துட்டேன்."

இந்த முறை அப்பாவும் சிரித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

அனுமானி மட்டும் திகைத்து நின்றாள். உலகமே கையை விட்டுப் போன மாதிரி ஒரு பார்வை.

"ஆனா, அம்மா... அது பத்தியிலேயே இல்லையே!"

"உன் பத்தியை எழுதினவன் அன்னிக்கு அச்சகத்துக்கு வரலடி," என்றாள் அம்மா. "போய் எல்லாருக்கும் டீ போடு."

போட்டாள். சர்க்கரையை மறந்துவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டே குடித்ததில் டீ இனித்ததா கசந்ததா என்று அவர்களுக்கே தெரியாது. அத்தை அண்ணனின் முட்டியை அழுத்திப் பார்த்தாள், "எந்த டாக்டர்கிட்டயும் போகாதே, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அண்ணன் சின்னப் பையன் மாதிரி தலையாட்டினார். சட்டென்று நினைவு வந்தவளாக அத்தை மருமகளைக் கூப்பிட்டு, "தேர்வு என்னிக்குடி? முந்தின நாள் நான் வந்து உன்கூட இருக்கேன். உங்கம்மா உன்னைப் பயமுறுத்திடுவா" என்றாள். வக்கீலம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காரணம் கேட்கவில்லை. கொஞ்சம் திருந்துகிறாள் போலத் தெரிகிறது, பார்ப்போம்.

கடைசியில் அத்தை நிஜமாகவே கிளம்பினாள். வீட்டு உடுப்போடு இருந்த அப்பா, "நானும் அந்தப் பக்கம்தான் போகணும்" என்று செருப்பைத் தேடினார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். இத்தனை நேரம் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் கொஞ்ச நேரமாக உங்கள் நெற்றி சுருங்கியிருக்கிறதே, ஏன்? உள்ளே ஒன்று குடைகிறதோ? சொல்லட்டுமா? ‘அப்பா புரூஃப் பார்க்கவில்லை, சரி. அதனால் பிழை திருத்தப்படாமல் போயிற்று, அதுவும் சரி. ஆனால் பெயர் முதலில் எப்படி விட்டுப்போயிற்று? அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்த காகிதத்திலேயே பெயர் இல்லை என்றால், அதை எழுதியது யார்? அப்போதும் கண்ணீரா? அல்லது எழுதியது அவர் மனைவியா?’

இதுதானே உங்கள் கேள்வி? நினைத்தேன். நீங்கள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள்?

அத்தைக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்றா நினைக்கிறீர்கள்? எத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள்! எங்கே அமுக்கினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் அண்ணியின் முகத்தை ஒரே ஒரு தடவை நேராகப் பார்த்தாள். அண்ணி தோளில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி முடியவில்லை, அதற்குள் அத்தை அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வரேன் அண்ணி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் எனக்குத் தபால் ஆபீஸ்ல வேலை இருக்கு."

"வாம்மா," என்றாள் அம்மா.

அண்ணனும் தங்கையும் படி இறங்கினார்கள். அம்மா கதவைச் சாத்தினாள்.